பூங்கா ஊருது, பூட்டு யாருது?

சனிக்கிழமை சாயங்காலம் சவரிராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்ததுமே, நாளைய பாட்டு விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டதென்று மதலேனாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அவள் கணவன் ஸ்டான்லியின் அண்ணன். தான் குடியிருக்கும் நகரின் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளரும்கூட.

மதலேனா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அந்தப் பொம்மைகளையே டேப்லெட்டில் வரைந்து, ஆடவும் பாடவும் வைத்து, ஞாயிறுதோறும் உள்ளூர் கேபிள் டிவியில் ஒரு கார்ட்டூன் போட்டுவந்தாள். குழாயடி வரிசை, ஓட்டு, வார்டு கூட்டத்தில் எழுந்து பேசுவது எல்லாமே அதில் பாட்டாக வரும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம். ஒரு பொம்மைக்குக் குரல் கொடுத்தவள் சவரிராஜின் மகள் அனிஷா. இன்னொன்றுக்கு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கக் காலனியிலிருந்து சக்கர நாற்காலியில் வரும் இளமதி.

சவரிராஜின் நகரில் நகராட்சிப் பூங்கா ஒன்று உண்டு. காலனிப் பிள்ளைகள் அங்கே ஊஞ்சலாட வரத் தொடங்கியதும் சங்கம் அதைப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. மறுநாள் வரவேண்டிய பாட்டில் இளமதியின் பொம்மை வாசலில் நின்று, "பூங்கா ஊருது, பூட்டு யாருது?" என்று கேட்கும். உள்ளேயிருந்து அனிஷாவின் பொம்மையும் அதையே கேட்கும்.

"வூட்டுல அதயேதான் பாடிக்கினு இருக்கா," என்றார் சவரிராஜ். "எம் பொண்ணு வாயாலயே என்னக் கேக்க வெக்கிறியா?"

"உங்களக் கேக்கல மாமா. பூட்டப் பத்திதான் பாட்டு."

"நாளைக்கு அது வரக் கூடாது. வந்தா எங்க நகர்ல கேபிள் வயரு இருக்காது."

ஸ்டான்லி லாரியில் வெளியூர் போயிருந்தான்.

"அனிஷா குரலு வேணாம்னா எடுத்துடறேன். நீங்க அப்பா, சொல்றதுக்கு உரிமை இருக்குது. பாட்ட எடுக்க மாட்டேன்."

அவர் விருட்டென்று வெளியேறினார். அனிஷாவின் வரிகளை மதலேனாவே பாடிப் பதிந்தாள். கேபிள் நடத்தும் அன்புச்செல்வனுக்குப் போன் செய்து மிரட்டலையும் மறைக்காமல் சொன்னாள். அந்த நகரில் எத்தனை இணைப்பு போகுமென்று அவர் கணக்குப் பார்த்தார். பிறகு, "அனுப்புங்கக்கா, போட்டுடலாம்," என்றார்.

ஞாயிறு காலை பாட்டு வந்தது. மதியத்துக்குள் அந்த நகரில் வயர்களை அறுத்துவிட்டார்கள். சாயங்காலம், காலனிப் பிள்ளைகள் இளமதியையும் தள்ளிக்கொண்டு பூங்கா வாசலுக்குப் போயிருப்பதாகச் செய்தி வந்தது. மதலேனா ஓடினாள். யாராவது கை ஓங்கிவிட்டால்? பாட்டுக் கட்டியவள் அவள்தானே.

பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். கம்பிக்கதவுக்கு உள்ளே சங்கத்துக்காரர்கள் நின்றார்கள். சவரிராஜ் கையில் சாவி, மதிவாணன் என்பவர் கையில் கம்பு. மதலேனா இளமதியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இவங்கள இட்டுக்கினு போயிடு. போலீஸுக்குச் சொல்லியாச்சு," என்றார் சவரிராஜ்.

"வரட்டும் மாமா. இந்தப் பூட்டு நகராட்சி போட்டதான்னு அவங்களே கேக்கட்டும்."

பாட்டு நின்றுபோனது. மதிவாணன் ஓரடி முன்னால் வந்தார். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து சங்கப் பொருளாளர் சொர்ணாம்பாளின் குரல் கேட்டது.

"நாமதான சார் போட்டோம். போலீஸு வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க? தொறந்து வுடுங்க."

சவரிராஜ் சாவியை அந்த அம்மாள் கையில் வைத்துவிட்டு, கதவு திறந்ததும் யாரையும் பார்க்காமல் நடந்தார்.

பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடினார்கள். இளமதியின் நாற்காலி மட்டும் வாசற்படியில் ஏறவில்லை. மதிவாணன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் மதலேனா தூக்கினாள்.

பூங்கா அதன்பின் பூட்டப்படவில்லை. சவரிராஜ் அவளிடம் பேசுவதில்லை, அனிஷாவையும் பாட அனுப்புவதில்லை. ஸ்டான்லி ஊர் திரும்பியதும் அண்ணன் வீட்டுக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தான். மதலேனா அடுத்த பாட்டுக்காக, நாற்காலி ஏறாத அந்த வாசற்படியை வரைந்துகொண்டிருந்தாள்.