நசீமா தூக்காத நெல் மூட்டை

1. ஆறாவது அத்தியாயம் வீட்டுக்கு வந்தது

யாரும் எதிர்பாராத வெற்றியாளர்களைப் பற்றி நான் மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். முதலாவது வெளிவந்து இரண்டு கிழமை இருக்கும். அதன் ஆறாவது அத்தியாயத்தில் நான் எழுதியிருந்த பெண் ஒரு நாள் காலை கல்முனையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பெயர் நசீமா. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, இரண்டு பிள்ளைகளின் தாய். சவளக்கடையில் ஒரு நெல் ஆலையில் வேலை. அந்த வருடம் மாவட்டத் திறந்த தடகளப் போட்டியில், இரும்புக் குண்டு போடுதலில், தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்களை எல்லாம் பின்தள்ளி முதலிடம் பெற்றிருந்தார். கணவரும் கூட வந்திருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மனைவியிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னேன்.

நசீமா உட்கார்ந்ததும் புத்தகத்தை விரித்தார்.

“சேர், நெல் மூட்டை தூக்கித் தூக்கித்தான் எனக்குப் பலம் வந்த எண்டு இதுல எழுதிரிக்கீங்க.”

“ஓம் தங்கச்சி. மில்லிலதானே வேலை செய்றீங்க?”

“மில்லிலதான். வாற நெல்லுட ஈரம் பாக்கிற வேலை. ஒரு பிடி நெல்லுக்கு மேல நான் ஒருநாளும் தூக்கினதில்ல.”

கணவர் சிரித்துவிட்டார். “வீட்டுல கேஸ் சிலிண்டரும் நான்தான் சேர் தூக்குற.”

நானும் சிரித்தேன். நசீமா சிரிக்கவில்லை. எறிதல் போட்டிகளுக்கு நடுவராகப் பெண்களையும் சேர்க்க தடகளப் போட்டிகளை நடத்தும் மெய்வல்லுநர் சங்கம் முடிவு செய்திருந்தது. நசீமா அதற்கு விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, நேர்முகத்துக்கும் போயிருக்கிறார். அங்கே ஒருவர் என் புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு, “உங்களுக்குப் பலம் இரிக்கி தங்கச்சி. ஆனா முறை படிச்ச ஆள் இல்லயே, புத்தகத்துலயே போட்டிரிக்கே” என்றாராம்.

“நீங்க என்னப் பாராட்டித்தான் எழுதினீங்க, எனக்குத் தெரியும்,” என்றார் நசீமா. “ஆனா அதப் படிச்சா, மூட்டை தூக்குற ஆரும் வந்து குண்டு போட்டு வெல்லலாம் எண்டு வருது. நான் நாலு வருசம் படிச்சன் சேர்.”

தேத்தண்ணி வந்தது. எனக்குத்தான் குடிக்க மனம் வரவில்லை.

2. அரை மணித்தியாலப் பேட்டி

நடந்தது இதுதான். புத்தகத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். நெல் ஆலைக்குப் போய் அரை மணித்தியாலம்தான் நசீமாவோடு கதைத்தேன். அவருக்குப் பின்னால் மூட்டைகள் கூரைக்குக் கிட்ட அடுக்கிக் கிடந்தன. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, என் கண் அந்த மூட்டைகளிலேயே இருந்தது. அத்தியாயத்தின் முதல் வசனம் அங்கேயே மனதில் எழுதப்பட்டுவிட்டது. அவர் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை என் பக்கமாகத் தள்ளி வைத்தார். நான் அதைத் திறக்கவில்லை. மூட்டை தூக்கினீர்களா என்றும் கேட்கவில்லை. பத்திரிகையில் இருபத்தாறு வருடம் விளையாட்டுச் செய்தி எழுதியவன் செய்த வேலை அது.

இப்போது வீட்டில் வைத்து அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். நாலு வருடத்துக்கு முன் அவருடைய மகளின் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் தாய்மாருக்கும் குண்டு போடுதல் வைத்திருக்கிறார்கள். நசீமா போட்ட குண்டு அவருடைய காலுக்குப் பக்கத்திலேயே விழுந்ததாம். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு வெட்கத்தைவிட, ஏன் அப்படி விழுந்தது என்று அறியும் ஆசைதான் பெரிதாக இருந்திருக்கிறது. போனில் வீடியோ பார்த்து, நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில் சோக்கட்டியால் வட்டம் கீறி, சுபஹு தொழுகைக்குப் பிறகு தினமும் முப்பது தடவை. ஒவ்வொன்றும் கொப்பியில் இருந்தது. ‘கிளைட் பிந்திட்டு’ (எறியுமுன் வட்டத்துக்குள் சறுக்கும் அடி அது). ‘முழங்கை கீழ.’ ‘இண்டைக்கு மழை, கால் மட்டும் பழகின.’ முதல் மூன்று வருடமும் போட்டிகளில் கடைசி இடம். அதையும் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார்.

என் அத்தியாயத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

3. சங்கத்து அறை

அடுத்த கிழமை மூவருமாகச் சங்கத்துக்குப் போனோம். செயலாளர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், என் எழுத்தை விரும்பிப் படிப்பவர். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். நான் புத்தகத்தை எடுத்து, ஆறாவது அத்தியாயத்தில் மூட்டை பற்றிய பகுதி முழுவதும் என் கற்பனை என்று சொன்னேன்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன கதைக்கிறீங்க? அதுதானே புத்தகத்துல நல்ல இடம். ஸ்கூல் அசெம்பிளியில பிள்ளைகளுக்கும் வாசிச்சுக் காட்டினாங்க.”

“நல்லாத்தான் எழுதிரிக்கன்,” என்றேன். “நடக்கல்ல, அவ்வளவுதான்.”

கொப்பியை அவர் முன்னால் வைத்தேன். செயலாளர் பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டு நசீமாவைப் பார்த்து, “குண்டு போடுற ஆள்ட கால் வட்டத்துட முன்கட்டையில பட்டா என்ன தீர்ப்பு?” என்று கேட்டார்.

“உள்பக்கம் பட்டா பிழையில்ல சேர். கட்டைக்கு மேல பட்டா சிவப்புக் கொடி.”

“எறிஞ்சு முடிஞ்சதும் முன்பக்கத்தால வெளிய போனா?”

“அதுக்கும் சிவப்பு. பின்பாதியாலதான் போகணும்.”

கேள்விகள் அப்படியே நீண்டன. ஒன்றுக்கும் அவர் யோசிக்கவில்லை. கடைசியில் செயலாளர் கொப்பியை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். “வாற மாசம் பெண் பிள்ளைகள்ற மீட் இரிக்கி. வந்து நில்லுங்க, தங்கச்சி.”

வெளியே வந்ததும் கணவர் என் தோளில் தட்டி, “சேர், இனி எழுதுறதெண்டா என்னயும் கொஞ்சம் போடுங்க. சிலிண்டர் உண்மையா நான்தான் தூக்குற” என்றார். அப்போதுதான் நசீமா முதல்தடவையாகச் சிரித்தார்.

மிச்சமிருந்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் திருத்தம் அச்சடித்த தாளை ஒட்டினேன். இரண்டாம் பதிப்புக்கு ஆறாவது அத்தியாயத்தைப் புதிதாக எழுதி, முதலில் நசீமாவிடம்தான் கொடுத்தேன். பதினேழு இடத்தில் பென்சிலால் கோடு கீறித் தந்தார். பதினாறு சரி. ஒன்றில் மட்டும் அவர் போட்ட ஒற்றுத்தான் பிழை.

4. சிவப்புக் கொடி

பெண் பிள்ளைகளின் அந்தப் போட்டிக்கு நானும் போனேன். என் தங்கையின் மகள் சஹ்லா குண்டு போட்டாள். கடைசிச் சுற்றுக்கு வரும்போது நாலாமிடத்தில் இருந்தாள். கடைசியாக அவள் போட்டது எல்லாருடையதையும் தாண்டி விழுந்தது. எங்கள் வீட்டாட்கள் எழும்பி நின்றுவிட்டார்கள்.

வட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற நசீமா சிவப்புக் கொடியை உயர்த்தினார்.

தங்கை, அண்ணன் என்ற உரிமையில், என் கையைப் பிடித்தாள். “காக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தானே. ஒரு சொல்லுச் சொல்லப்படாதா?”

“கால் கட்டைக்கு மேல பட்டதுதான். நானும் பாத்தன்,” என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு மகளிடம் போனாள்.

எழுத வருகிற இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒருவரை உயர்த்துவதாக நினைத்து நாம் சேர்க்கும் பொய், அவர் உண்மையில் பட்ட பாட்டை மறைத்துவிடும். வென்றவரிடம் முதலில் கேட்க வேண்டியது, என்ன கஷ்டப்பட்டீர்கள் என்பதல்ல. என்ன பழகினீர்கள் என்பது.

போட்டி முடிந்து மைதானத்திலேயே நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருக்க, சஹ்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

“நாலாமிடம் எண்டுதானே போடுவீங்க, மாமா?”

“ஓம். கடைசி எறிதல் பிழை எண்டும் போடணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா நல்லாத் தூரம் போன, என்ன?”

“போன,” என்றேன். அதுவும் நடந்ததுதான். எழுதினேன்.