ஐந்நூறு வாட் ஸ்டிக்கர்

கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கம்ப்யூட்டர் திரும்பி வந்துவிட்டது. செல்வம் அதை அரிசிப் பையில் போட்டு, பிரிக்பீல்ட்ஸ் மத்தியான வெயிலில் தோளில் சுமந்து வந்தான். எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க இழுத்து ஆற்றும் தே தாரிக் டீ கலக்குபவன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். வேலை பெர்மிட்டில் கடல் தாண்டி வந்து எட்டு வருஷம்.

நான் அப்போது பதினெட்டு வருஷமாக கம்ப்யூட்டர் கட்டுகிறவள். ஆளைப் பார்த்தே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

முதல்முறை வந்தபோது அவன் கேட்டது இவ்வளவுதான்.

"அக்கா, ஒரே ஒரு கேம் ஓடணும். என் மகன் ஊர்ல மாமா வீட்டு கம்ப்யூட்டர்ல அதைத்தான் விளையாடுறான். நான் போன் போட்டா 'ம்' தவிர ஒண்ணும் வராது. அந்த கேமுக்குள்ள மட்டும் ஓயாம பேசுறானாம். நானும் உள்ள போயிட்டா என்கிட்டயும் பேசுவான்ல?"

பையனுக்குப் பன்னிரண்டு வயது. நாலு வயதில் விட்டுவிட்டு வந்தவன் இவன்.

அந்த கேமுக்குச் சின்ன கிராபிக்ஸ் கார்டே தாராளம். எனக்குத்தான் கேம் என்றாலே கார்டு என்று மண்டையில் ஏறிப்போயிருந்தது. அவன் பட்ஜெட்டுக்குள் ஒரு படி பெரிய கார்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. பிராசசரில் கை வைக்க முடியாது. ரேமைக் குறைத்தால் திணறும். மிச்சம் பிடிக்க இருந்தது எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை ஒன்றுதான். மலிவு கேசிங் வாங்கினால் அந்தப் பெட்டிக்கு உள்ளேயே ஒரு பவர் சப்ளை இலவசமாக வரும். மேலே ஐந்நூறு வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், கையில் தூக்கினால் காலி பிஸ்கட் டின் மாதிரி இருக்கும். அது பாதிகூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மாட்டினேன்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "லைட் எரியுதா? விண்டோஸ் ஏறிடுச்சா? கட்டிக் கொடுத்துடு லா, கஸ்டமர் நிக்கிறாங்க."

கட்டிக் கொடுத்துவிட்டேன். கேம் ஓட்டிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த செல்வம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை அவன்கூட விளையாடினேன் அக்கா. பத்து நிமிஷம், என்னமா பேசினான் தெரியுமா. பெரிய சண்டை ஒண்ணு வந்துச்சு, டப்புனு எல்லாம் அணைஞ்சிருச்சு. மறுபடி போட்டாலும் அதே இடத்துல அணையுது. போன் பண்ணேன். 'நீங்க எப்பவும் பாதியிலதான் போயிடுவீங்கப்பா'ன்னான். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல."

திரையில் சண்டை வலுத்தால் கார்டு கரண்டை இழுக்கும். அந்த டப்பாவால் கொடுக்க முடியாமல் கையை விரித்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் பிரித்தேன். கார்டை ஒரு படி இறக்கி, அதில் மிஞ்சிய பணத்துக்கு நல்ல கனமான பவர் சப்ளையாக மாட்டினேன். கவுண்ட்டர் மேலேயே கேமைப் போட்டோம். அவனுக்கு ஐந்து மணி வரை ஓய்வு நேரம்.

"இன்னிக்கு ஸ்கூல் லீவு, மகன் ஆன்லைன்லதான் இருக்கான் அக்கா. கூப்பிட்டா தள்ளித் தள்ளி விடுறான்."

நாலாவது தடவை பையன் எடுத்தான். செல்வம் வாயைத் திறப்பதற்குள் நான் மைக்கை வாங்கினேன்.

"தம்பி, நான் கம்ப்யூட்டர் கடை ஆன்டி பேசுறேன். அன்னிக்கு அப்பா எழுந்து போகலப்பா. நான் மட்டமான சாமானைப் போட்டுக் கொடுத்துட்டேன். தப்பு என்னோடது."

பதினெட்டு வருஷத்தில் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. வோல்டேஜ், வீட்டு வயரிங், வைரஸ் என்று எதன் தலையிலாவது பழியைப் போட்டே பழகியவள்.

"அப்பா அங்கதான் இருக்காரா?"

"பக்கத்துலதான்."

"குடுங்க."

இப்போதும் கம்ப்யூட்டர் கட்டச் சொல்லி வருகிறவர்கள் எந்த கார்டு என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் யாரோடு விளையாடப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். பட்டியலில் பவர் சப்ளையை முதல் வரியில் எழுதுகிறேன். ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்காமல் எதையும் கட்டிக் கொடுப்பதில்லை. முதலாளி முனகுவார், முனகட்டும்.

அன்று அவர்கள் இரண்டு மணி நேரம் விளையாடினார்கள். பெரிய சண்டை வரும்போதெல்லாம் செல்வம் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ஒரு முறைகூட அணையவில்லை. ஐந்தாகப் போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அப்பா வேலைக்குப் போகணும்டா."

ஸ்பீக்கரில் பையன் குரல் வந்தது.

"சரிப்பா. இந்தத் தடவை சொல்லிட்டுத்தானே போறீங்க."