ஐந்தாம் பாகமும் என் தம்பியும்

அந்தக் குத்துச்சண்டைப் படத்தின் ஐந்தாம் பாகத்தைப் போல அலுப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் இருபது வருடமாக மூட்டை எடை போடுகிறவன் சொல்கிறேன். அலுப்பு எனக்குப் புதிதல்ல.

ஆனாலும் போயாக வேண்டும். அதில் புதிய பாகம் வந்தால்தான் என் தம்பியைப் பார்க்க முடியும்.

அம்மா இறந்தபோது அவன் துபாயில் இருந்தான். எங்களில் இறந்தவரின் மய்யித்தை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கமில்லை. காலையில் போனால் மாலைக்குள் அடக்கம். "ஒரே ஒரு ராத்திரி வையிங்கண்ணே, காலைல வந்துருவேன்" என்று போனில் அழுதான். நான் பள்ளிவாசல் பெரியவர்கள் பேச்சைக் கேட்டேன். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கிவிட்டோம். மறுநாள் அவன் வந்து நேராக அம்மாவை அடக்கிய கபருஸ்தானுக்குப் போனான், அங்கிருந்தே விமானநிலையத்துக்குத் திரும்பிவிட்டான். தப்பு என்னுடையதுதான். அதை அவனிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒரேயடியாக ஊர் திரும்பி, எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் கேஷில் உட்கார்ந்தான். என் வாசல் மிதிக்கவில்லை. முதல் இரண்டு பாகங்களையும் நாங்கள் சின்ன வயதில் ஒன்றாகப் பார்த்திருந்தோம். மூன்றாம் பாகம் வந்தபோது திடீரென்று என் வாட்ஸ்அப்பில் ஒரு டிக்கெட்டின் படம் வந்து விழுந்தது. ஒரு வார்த்தை இல்லை. போனேன். பக்கத்து சீட்டில் அவன். நான்காம் பாகத்துக்கு நான் எடுத்து அனுப்பினேன். இடைவேளையில் மட்டும் பேசுவோம், படத்தைப் பற்றி மட்டும். வேறு படத்துக்குக் கூப்பிடலாமே என்று மனைவி கேட்பாள். கூப்பிடுவதற்கு முதலில் பேச வேண்டுமே!

ஐந்தாம் பாகத்துக்கு அவன் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. நாயகனுக்கு வயதாகிவிட்டது. அது குற்றமில்லை, எனக்கும்தான் ஆகிவிட்டது. ஆனால் ஒரு மணி நேரமாக மனிதர் கையுறையே மாட்டவில்லை. மகளுக்கு அறிவுரை, மருமகனுக்கு அறிவுரை, செத்துப்போன பயிற்சியாளரின் போட்டோ முன்னால் கண்ணீர். நடுவில் கம்ப்யூட்டரில் முகத்தை இளமையாக்கி ஒரு பழைய சண்டை வேறு. எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி.

இடைவேளையில் தம்பி சாயா வாங்கிக்கொண்டு வந்தான்.

"மூணாம் பார்ட்ல இந்நேரம் ரெண்டு பேரைச் சாய்ச்சிருப்பான்" என்றான்.

"இனிமே சூடு பிடிக்கும்டா."

"எங்க பிடிக்க? மூச்சு வாங்குதே அவனுக்கு."

தன் சாயாவில் அவன் சர்க்கரை போடவில்லை. முன்பெல்லாம் மூன்று ஸ்பூன் போடுகிறவன். எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கூட்டம் உள்ளே நகர்ந்தது.

இரண்டாம் பாதியில் அவன் தூங்கிவிட்டான், வாயைப் பிளந்துகொண்டு. கடைசிச் சண்டையில் நாயகன் ஜெயித்து, அதே மேடையில் சரிந்து செத்தும்போனான். பிறகு அடக்கமும் காட்டினார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாயகனுக்காக அல்ல. அவன் போய்விட்டால் ஆறாம் பாகம் ஏது? ஆறாம் பாகம் இல்லையென்றால் தம்பி ஏது?

விளக்கு போட்டதும் அவன் கண்ணைக் கசக்கினான். "முடிஞ்சுதா? என்னாச்சு?"

"ஜெயிச்சுட்டான். அடுத்த பார்ட் வருதுன்னு கடைசில போட்டாங்க" என்றேன். கூசாமல் புளுகினேன்.

எஸ்கலேட்டரில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் மலையாளத்தில் படத்தைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். "ஆளெ கொன்னு களஞ்ஞில்லே! இனியெந்து பார்ட்டு?" என்றான் ஒருவன் உரக்க; ஆளையே கொன்றுவிட்டார்கள், இனி ஏது பாகம் என்று. தம்பிக்குத் தமிழைவிட மலையாளம்தான் சுத்தம். அவன் அவர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ் ஸ்டாப் வரை அவன் கூடவே நடந்து வந்தான். தோப்பும்படி வழி போகும் என் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அண்ணே, ஆறாவது உங்க முறை. மறந்துராம டிக்கெட் எடுங்க."