அட்டை மேல் நடந்து கடலுக்கு

கமலாட்சியைப் பற்றி யார் பேசினாலும் முதலில் அவள் காலைத்தான் சொல்வார்கள். நான் அவள் வாயைச் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் அந்த வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில், எனக்கும் அதேதான். வயது நாற்பத்து மூன்று. குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரண்டு ஊன்றுகோலையும் அக்குளில் கொடுத்துக்கொண்டு கிளம்பினால் ரேஷன் கடைக்கு எனக்கு முன்னால் போய் நிற்பாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், எங்கள் தெருக்காரர்கள் பக்கத்து ஊரான கூரத்து அந்தோணியண்ணன் வேனில் கடற்கரைக்குப் போவோம். மெரினாவுக்கு இல்லை. அங்கே போனால் கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடுவதற்கே பொழுது சரியாகிவிடும். ஊருக்கு வெளியே ஓரமாகவே போய், திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை என்று ஏதாவது ஒன்றில் இறங்குவோம். இறங்கியதும் புளியோதரைத் தூக்கு, மாற்றுத்துணி, செல்போன், செருப்பு எல்லாவற்றையும் கமலாட்சி பக்கத்தில் குவிப்போம். "கமலா, பாத்துக்கோமா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், தண்ணீருக்கு ஓடிவிடுவோம். நானும்தான் ஓடினேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பதினோரு தடவை அவள் அப்படி வந்து, அப்படியே உட்கார்ந்திருந்து, அப்படியே திரும்பியிருக்கிறாள். காய்ந்த மணலில் ஊன்றுகோலை வைத்தால் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கிவிடும். பிடுங்கி அடுத்த அடி வைப்பதற்குள் ஆளே சாய்ந்துவிடுவாள். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போகலாம் என்று அவள் அண்ணன் பாண்டியன் ஒருமுறை நாலு பேரைச் சேர்த்தார்.

"நான் என்னா உற்சவரா, தோள்ல தூக்கிக்கினு போறதுக்கு?" என்றாள். நாலு பேரும் போய்விட்டார்கள்.

மெரினாவில் நடக்க முடியாதவர்களுக்கென்று பாதை போட்டிருப்பதாகப் படித்து, அங்கே கூட்டிப்போகட்டுமா என்று நான் கேட்டேன். "எனக்குன்னு தனியா ஒரு எடம் வேணாம் ரேணு. நீங்க எறங்கற தண்ணியிலதான் நானும் எறங்கணும்" என்றாள்.

போன டிசம்பரில் திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். வாலாஜாபாத் தாண்டும்போது அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவையும் தண்ணி என் கால்ல படலன்னா, அப்புறம் வேன்ல எனக்கு சீட்டு போடாதீங்க. வூட்லயே இருந்துக்கறேன்." கமலாட்சி சும்மா பேசுகிறவள் இல்லை.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் குழாய் புதைக்கத் தோண்டிப் போட்டார்கள். வாசலெல்லாம் மணல். ஒரு நாள் பாண்டியன் பரணைச் சுத்தம் செய்து பழைய டிசைன் அட்டைகளை வெளியே போட்டார். புடவையில் எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற ஓட்டை போட்ட அட்டைகள்தான். கயிற்றால் ஒன்றோடு ஒன்றைக் கோத்து, சங்கிலியாக நூற்றுக்கணக்கில் இருக்கும். தறிக்குக் கம்ப்யூட்டர் பெட்டி வந்தபிறகு அவருக்கு அவை தேவைப்படவில்லை. அந்த மணலில் விழுந்துகிடந்த அட்டைமேல் கமலாட்சி தவறி ஊன்றுகோலை வைத்துவிட்டாள். அது இறங்கவில்லை. இன்னொரு அட்டையில் வைத்துப் பார்த்தாள். அதுவும் இறங்கவில்லை. உடனே அத்தனையையும் சாக்கில் கட்டி என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "எங்கண்ணங்கிட்ட மூச்சு வுட்ட, தொலைஞ்ச" என்றாள். நான் மூச்சு விடவில்லை.

ஜூன் மாதம் பாலவாக்கம் போனோம். காலை ஏழரை மணி இருக்கும். கமலாட்சி சொல்லிவைத்தபடி அந்தோணியண்ணன் சாக்கை இறக்கி, அட்டைச் சங்கிலியை இரண்டாக மடித்து மணலில் விரித்தார். அதைப் பார்த்த பாண்டியனுக்கு முகம் சிவந்துவிட்டது.

அவர் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் தறிச் சாமான் எதுவும் காலில் படக்கூடாது. ஊடைநூல் ஓட்டுகிற நாடா தவறி விழுந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மறுபடி தறியில் போடுவோம்.

"சோறு போட்ட பொருளும்மா அது. அத்தப் போயி மிதிக்கறதா?" என்றார்.

"மிதிக்கட்டைய மிதிக்காம நீ எந்தப் பொடவைய நெய்ஞ்ச?" என்றாள் கமலாட்சி. "நாளெல்லாம் நீ மிதிச்சா தொழிலு. ஒரு நாள் நான் மிதிச்சா குத்தமா?"

பாண்டியன் விறுவிறுவென்று பத்தடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கமலாட்சி குனிந்து அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு முதல் ஊன்றுகோலை வைத்தாள். நின்றது. இரண்டாவதையும் வைத்தாள். அதுவும் நின்றது. பெண்களில் ஒருத்தியும் அன்று தண்ணீருக்கு ஓடவில்லை. அட்டைமேல் கால் வைக்கப் பயந்து, இரண்டு பக்கமும் மணலில் அவளோடு நடந்தோம். பைகளையெல்லாம் வேனிலேயே போட்டுப் பூட்டிவிட்டிருந்தார் அந்தோணியண்ணன். இந்த யோசனை பதினோரு தடவையில் எங்களில் ஒருவருக்கும் வரவில்லையே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

பாதிதூரம்கூட வந்திருக்கமாட்டோம், அட்டை தீர்ந்துபோயிற்று. ஈர மணலுக்கு இன்னும் முப்பதடிக்குமேல் இருந்தது. ஈர மணல் வந்துவிட்டால் போதும், அது தரைபோல இறுகியிருக்கும், அட்டை வேண்டாம். ஆனால் நடுவில் இருப்பது மாவு மாதிரி மணல். ஊன்றுகோலை அதில் வைத்துப் பார்த்தாள், புதைந்துபோனது. பிடுங்கி அட்டைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"தீந்துபோச்சுன்னு எவன் சொன்னான்?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பாண்டியன் வந்துகொண்டிருந்தார். "தறியில இந்த அட்டை என்னைக்காவது தீந்திருக்குதா? கடைசி அட்டை வந்தா மொத அட்டை தானா வரும். சுத்திக்கினே இருக்கும். இதுகூடத் தெரியாம நெசவுக்காரன் வூட்ல பொறந்தியா நீ?"

சொல்லிக்கொண்டே, அவள் கடந்து வந்த அட்டைகளைப் பின்பக்கத்திலிருந்து சுருட்டி எடுத்துவந்து அவளுக்கு முன்னால் விரித்தார். அவள் அதைக் கடந்ததும் மறுபடி பின்னால் போய்ச் சுருட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்த்து ஒழுக, நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓடினார். தறி மேடையைவிட்டு எழுந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிற மனுஷன். "மெதுவா வாம்மா, அவசரம் இல்ல" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஈர மணலில் ஊன்றுகோல் 'டொக்' என்று நின்றது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. நேராகத் தண்ணீருக்கு நடந்தாள். முதல் அலை வந்து அவள் இரண்டு பாதத்தையும் நனைத்தது. சூம்பின காலில் பலம் கிடையாதே தவிர உணர்ச்சி உண்டு. "சில்லுனு இருக்குது ரேணு. ரெண்டு கால்லயும் இருக்குது" என்றாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

அலை பின்வாங்கியபோது அவள் முகம் மாறியது. "காலுக்கு அடியில மண்ணு நழுவுதுபா. நிக்க முடியல. எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் கமலா. சுத்திப் பாரு."

பார்த்தாள். ஒரு மாமியார் மருமகள் கையைப் பிடித்திருந்தாள். புருஷன்மார் பெண்டாட்டிமார் தோளைப் பிடித்திருந்தார்கள். அந்தோணியண்ணன் என் முந்தானையைப் பிடிக்க வந்து, சுதாரித்துக்கொண்டு பாண்டியனைப் பிடித்தார். ஒருவராலும் ஒற்றையாக நிற்க முடியவில்லை. கமலாட்சி சிரிக்க ஆரம்பித்தாள்.

அடுத்தது பெரிய அலை. அவள் ஊன்றுகோல் இரண்டும் மணலில் அரையடி இறங்கியிருந்ததால் அவள் அசையவில்லை. பாண்டியன்தான் தடுமாறினார். விழப்போனவர் எட்டி அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

"நல்லாப் புடிச்சிக்கோண்ணா" என்றாள். அவர் கையை எடுக்கவில்லை. அடுத்த அலைக்கும் அப்படியே நின்றார்கள்.