தயாபரனின் சாரம்

கொழும்பு வெள்ளவத்தையில் பத்தொன்பது வருடமாகக் குடியிருந்தும், அந்த அடுக்குமாடியில் மேனகாவை மேனகா என்று கூப்பிட ஆளில்லை. வாட்ச்சருக்கு அவள் மிஸிஸ் தயாபரன். மீன்காரனுக்குத் தயாபரன் நோனா. கோயில் ஐயர்கூட அவளைக் கண்டதும் தயாபரனின் நட்சத்திரத்தைத்தான் சொல்லத் தொடங்குவார். பாவம், அவளுக்கும் பழகிப்போயிற்று.

அப்படிப்பட்டவளைத்தான் கீழ்மாடி பைறோஸா தன் பெண் ஓவியர் குழுவுக்குள் இழுத்துவிட்டாள். ஆறு பெண்கள் சேர்ந்து, பழைய ஹவுஸ்கோட்டுகளை வெட்டி, சமையல் வேலை போக மிச்ச நேரத்தில் மூன்று மாதம் ஒட்டுத் தையல் போட்டு, ஒரு சுவரளவு துணி செய்தார்கள். கண்காட்சி கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில். மேனகாவுக்கு ஒரேயொரு ஆசை: தன் பெயரைச் சுவரில் பார்க்க வேண்டும். அதை நினைத்தே மூன்று நாள் ஒழுங்காக நித்திரையில்லை.

அன்று போய்ப் பார்த்தால், துணிக்குப் பக்கத்து அட்டையில் "ஆக்கம்: தயாபரனும் ஐந்து பெண்களும்" என்றிருந்தது.

கண்காட்சிக்கு எல்லாரும் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பைறோஸா எடுத்துக் காட்டினாள். பெயர் என்ற இடத்தில் மேனகாவின் கையெழுத்திலேயே "தயாபரன்". வங்கி, பள்ளிக்கூடம் என்று நிரப்பி நிரப்பிப் பழகிய கை, யார் சொல்லைக் கேட்கும்? ஆறு பெயருக்கு அட்டையில் இடமில்லையென்று அச்சகத்துக்காரன் மிச்சத்தைத் தன் புத்தியால் முடித்திருந்தான். மேனகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணீர்ப் போத்தலோடு வந்து சேர்ந்தார் தயாபரன். சென்னையிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரப் பெண் அவரை மடக்கினாள்.

"நீங்கதான் தயாபரனா? இந்தப் படைப்பைப் பத்திச் சொல்லுங்க சார்."

அவர் துணியை மேலும் கீழும் பார்த்தார். நடுவில் ஒரு வெளிர்நீலத் துண்டைக் கண்டதும் முகம் மாறியது.

"இது என்ர சாரமெல்லோ."

"உங்க சாரமா? அருமை." அவள் எழுதிக்கொண்டாள்.

"ஒரு மாசமாத் தேடுறன், பிள்ளை."

"தேடல்... கண்டடைஞ்சப்போ என்ன தோணுச்சு?"

"இனி வீட்டில எதை உடுக்கிறதெண்டுதான்."

மேனகாவுக்கு வந்ததே ஒரு கோபம்.

"தங்கச்சி, சாரம் எண்டா உங்கட ஊர் லுங்கி. கொடியில மறந்து விட்டது இவர். வெட்டினது நான். தைச்சது நாங்கள் ஆறு பேர். என்ர பேர் மேனகா, எழுதுங்கோ."

"மேனகா தயாபரனா?"

"வெறும் மேனகா."

பத்திரிகைக்காரப் பெண்ணின் பேனையையே பறித்து மேனகா அட்டையில் திருத்தினாள்: மேனகாவும் ஐந்து பெண்களும்.

"அப்ப எங்களுக்குப் பேரில்லயா?" என்றாள் பைறோஸா.

நியாயமான கேள்விதான். அட்டையிலோ இடமில்லை. பூப்போட்ட ஹவுஸ்கோட்டுத் துண்டுகளில் எழுதினால் எழுத்துத் தெரியாது. சாரத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. தையல் சோக்கட்டியால் ஆறு பேரும் அதில் வரிசையாகத் தங்கள் பெயரை எழுதினார்கள். துணி சுருங்காமல் தயாபரன் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சரப்பா, இது தோய்ச்சாப் போகுமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இனித் தோய்க்கிறேல்லை" என்றாள் மேனகா.