சும்மா உட்காரும் பைலட்

கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டிவருவதுதான் கேப்டனின் வேலையாக இருந்தது. மழை, காற்று, அலையில் ஆடும் கப்பல் தளம் எதற்கும் அவர் அசைந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் மனிதர் ஆட்டம் கண்டார். காலையில் எழுந்தால் என்ன செய்வதென்று தெரியாது. மின்விசிறி, துவைக்கும் இயந்திரம், கதவுப் பூட்டு என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க தொட்டதெல்லாம் துலங்குதோ இல்லையோ, கடகடன்னு சத்தம் போடுது" என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி. "வெளியில ஏதாவது வேலை தேடிக்குங்க. எனக்கு இந்த வீடு வேணும்."

அப்போதுதான் ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையில், பறக்கும் டாக்ஸி செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மின்சாரத்தில் ஓடும் வண்டி. சுற்றிலும் எட்டு விசிறிகள். நின்ற இடத்திலிருந்து மேலே எழும், அக்கரையில் போய் இறங்கும். ஓட்டுவதற்கு ஆள் வேண்டாம், கணினியே பார்த்துக்கொள்ளும். ஆனால் சோதனை முடியும்வரை உள்ளே ஒரு பைலட் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். தலைமைப் பொறியாளர் கேப்டனின் மகள் வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"ஆபத்துன்னா மட்டும் நீங்க தொடலாம் கேப்டன். மத்தபடி கையை மடியில வச்சுக்கிட்டு உட்காரணும். அவ்வளவுதான் வேலை."

இதைக் கேட்டு மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "சும்மா உட்கார்றதுக்கு ஒரு வேலையா? அதுல எனக்கு ரொம்ப வருஷ அனுபவம் இருக்கு மாமா. என் பேரையும் சொல்லிவைங்க!"

சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வண்டி எழும்போது அவர் கை தானாக எழும். அது திரும்பினால் இவர் தோளும் திரும்பும். ஒருநாள் இறங்குகிற நேரத்தில் பக்கவாட்டிலிருந்து திடீரென்று காற்று அடித்தது. யோசிக்கும் முன்பே கேப்டன் சிவப்புப் பொத்தானை அமுக்கி, கட்டுப்பாட்டைத் தன் கைக்கு மாற்றி, பிடியைத் திருப்பிவிட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கித் தரையில் உட்கார்ந்தது. வண்டியின் தாங்குகால் ஒன்று வளைந்துபோயிற்று. யாருக்கும் அடியில்லை.

பொறியாளர் கோபப்படவில்லை. திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள்.

"காத்து அடிச்சது இங்க. வண்டி அதுக்கு ஏத்த மாதிரி சாய ஆரம்பிச்சது இங்க. நீங்க கை வச்சது அதுக்கும் பின்னாடி. ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தினதால அளவுக்கு மிஞ்சிப் போயிடுச்சு."

வீட்டுக்கு வந்து கேப்டன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "நான் வேலையிலிருந்து நின்னுடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

"அந்தக் காத்து வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் மனைவி.

"தெரிஞ்சுது. ஆத்துல தண்ணி சிலிர்த்துச்சு."

"அப்போ அதை வாயால சொல்லியிருக்கலாமே. கை சும்மா இருக்கணும்னுதானே சொன்னாங்க, வாய் சும்மா இருக்கணும்னு யாராவது சொன்னாங்களா? வீட்ல வாய் மூடறதே இல்ல, அங்க மட்டும் என்ன?"

மறுநாளிலிருந்து கேப்டன் பேச ஆரம்பித்தார். கிரிக்கெட் வர்ணனை மாதிரி ரேடியோவில் ஓயாமல் பேச்சு. "இப்போ இடது பக்கம் சாயும் பாருங்க… சாய்ஞ்சிடுச்சு, சபாஷ்! இப்போ வேகத்தைக் குறைக்கும்… குறைக்கலையே, என்ன அவசரம் இதுக்கு? அம்மாடி, வயிறு தொண்டைக்கு வந்துடுச்சு!" கீழே கட்டுப்பாட்டு அறையில் முதலில் சிரித்தார்கள். பிறகு கூர்ந்து கேட்டார்கள். வண்டி செய்தது ஒன்றும் தப்பில்லை. பேட்டரி மிச்சமாகட்டும் என்று சட்டென்று கீழே இறங்கியது, அவ்வளவே. ஆனால் பழக்கப்பட்ட பைலட்டின் வயிறே தொண்டைக்கு வருமென்றால், சந்தைக்குப் போகிறவர் கதி என்ன? பொறியாளர் இறங்கும் முறையை மாற்றி எழுதினாள். படியில் கால் வைத்து இறங்குவதுபோல வண்டி பதமாக இறங்கக் கற்றுக்கொண்டது. கேப்டனின் கைகளும் மெல்ல மெல்ல அடங்கின.

ஒரு மாலை வேடிக்கையான சோதனை வந்தது. அக்கரையில் புதிதாகத் திறந்த நாற்காலிக் கடையின் வாசலில் கட்டியிருந்த வெள்ளிநிறப் பலூன்கள் கொத்தாக அறுந்து பறந்து, இறங்குதளத்தின் வேலியில் சிக்கிக்கொண்டன. வண்டி இறங்க வந்தது. பலூன்கள் காற்றில் தளத்துப் பக்கம் ஆடின. ஏதோ குறுக்கே வருகிறது என்று வண்டி மரியாதையாக மேலே ஏறிவிட்டது. மறுபடி வந்தது, பலூன்களும் மறுபடி தலையாட்டின. மறுபடி ஏறிவிட்டது. இப்படியே போனால் இந்தக் கரைக்குத் திரும்பப் பேட்டரி போதாது. பலூன்களை அகற்ற அக்கரைத் தளத்தில் அன்று ஆளும் இல்லை.

"பலூனுக்குப் பயந்துக்கிட்டு நிக்குது உங்க பிள்ளை" என்றார் கேப்டன் ரேடியோவில். கைகள் மடியிலேயே இருந்தன. "இறங்கினா விசிறிக் காத்துலயே அதெல்லாம் ஒதுங்கிடும். தொடட்டுமா?"

பொறியாளரின் குரல் வந்தது: "தொடுங்க கேப்டன்!"

பொத்தானை அமுக்கினார். தளத்தின் மறு ஓரமாக வண்டியைக் கொண்டுபோய் நிதானமாக இறக்கினார். விசிறிக் காற்றில் பலூன்கள் வேலிக்கு வெளியே சாய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டன. ரேடியோவில் கைதட்டல் காதைப் பிளந்தது. இறங்கிப்போய் ஒரு பலூனை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பொறியாளர் அதைத் தன் மேசையில் கட்டிவைத்து, காற்றில் ஆடும் பொருட்களை வண்டிக்கு அடையாளம் காட்டும் வேலையில் ஒரு மாதம் மூழ்கிப்போனாள்.

அதன்பிறகு ஊழியர்களின் குடும்பத்தினரை ஏற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தது. கேப்டன் வீட்டில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் மனைவியை ஒருமுறை ஹெலிகாப்டரில் ஏற்றி, வீரத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று சாய்த்துத் திருப்பியதில், அவள் இறங்கியதும் புல்தரையில் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பறந்ததே இல்லை.

"ஓட்டப்போறது யாரு?" என்று கேட்டாள்.

"நான் இல்ல. கம்ப்யூட்டர்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ வர்றேன்."

ஆறு கீழே வெள்ளைக் கோடாக நெளிந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, தன் மருந்துக்கடையின் கூரையைத் தேடினாள். கண்டுபிடித்ததும், "மேல இருந்து பார்த்தா எவ்வளவு அழுக்கு! முதலாளிகிட்ட சொல்லணும்" என்றாள். பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"அது பாட்டுக்குப் போகுது, உங்களுக்கு ஏங்க இப்படி வேர்க்குது?"

"நீ கூட இருக்கியே, அதான்" என்றார் கேப்டன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவர் கையைப் பற்றிக்கொண்டவள் அக்கரை வரும்வரை விடவில்லை.

கடைசிக் கட்டச் சோதனையில் முன்னிருக்கையைக் கழற்றிவிட்டார்கள். வண்டி முதல்முறையாகப் பைலட் இல்லாமல் ஆட்களோடு ஆற்றைக் கடந்தது. கேப்டன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கை பழையபடி தானாக எழுந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற பொறியாளர் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டதால், அவளுக்குக் கைக்குட்டை தேடிக் கொடுப்பதிலேயே அவருடைய நேரம் போய்விட்டது.

இப்போது டாக்ஸி தினமும் ஓடுகிறது. ஆட்களை ஏற்றிவிடும் பொறுப்பைக் கேப்டனிடமே கொடுத்திருக்கிறார்கள். சீருடையைக் கண்டதும் எல்லோரும் அவர்தான் ஓட்டப்போகிறார் என்று நினைத்து நிம்மதியாக ஏறுவார்கள். அவர் வெளியே நின்று கதவைச் சாத்தும்போதுதான் முகம் மாறும்.

நேற்று ஒரு பெண் கையில் ரோஜாத் தொட்டியோடு வந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். பஸ்ல போனா மொட்டெல்லாம் உதிர்ந்துடும். இதுல உதிராதுங்களா?"

"அப்படியே இருக்கும்மா. நீங்க ஏறுங்க."

தொட்டியை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். மண் சிந்தாமல் பெல்ட்டைச் சுற்றிக் கட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.