தார்ப்பாயக்கா

அவளைத் தார்ப்பாயக்கா என்று முதலில் கூப்பிட்டவர்கள் அவளுடைய சங்கத்துப் பெண்கள்தான். இப்போது தெருக்கோடிக் கடைக்காரர், புதிதாக வந்த குடித்தனக்காரர், ஆலைக்காரர் எல்லோருக்கும் அவள் தார்ப்பாயக்காதான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "வச்சாலும் வச்சாங்க, மழைக்கு ஒதுங்க ஒரு பேரு" என்பாள்.

நான் நகராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்தவன். அதனால் விதிகள் எனக்குத் தெரியும். மற்றதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் சொன்னதும் அவளுடைய மாமா சொன்னதும் பொருந்தாத இடங்களில் மூன்றாவது ஆளைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

முன்பு நகரம் முழுவதன் குப்பையும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. பெரிய கம்பெனி என்றே எல்லோரும் சொல்வார்கள். ஒப்பந்தம் மிக எளிமையானது. குப்பை லாரி எடைமேடையில் ஏறும். எத்தனை டன்னோ அத்தனை டன்னுக்கு நகராட்சி பணம் கொடுக்கும். லாரிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பழைய மெத்தை கிடைத்தால் டிரைவருக்குக் கொண்டாட்டம். இடித்த சுவரின் கல் கிடைத்தால் இரட்டைக் கொண்டாட்டம். ஆனால் எல்லாவற்றையும் விட உயர்ந்த சரக்கு தண்ணீர். மழை நாளில் லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்.

மழை இல்லாத நாளுக்கும் வழி இருந்தது. எடைமேடைக்குப் போகும் பாதையில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி உண்டு. தொட்டி நிறைந்ததும் வழிகுழாயிலிருந்து தண்ணீர் சாலையோரம் கொட்டும். எதிரில் டீக்கடை. லாரிகள் குழாய்க்கு அடியில் நிற்கும், டிரைவர்கள் டீ குடிப்பார்கள். வண்டியைக் குளிப்பாட்டுவது என்று அதற்குப் பெயர். மேலாளர்களுக்கும் தெரியும். தெரியும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தக் கம்பெனியில் நெடுங்காலம் லாரி ஓட்டியவர் அவளுடைய தாய்மாமன். ஆள் குட்டை. லாரியோடு வந்த தார்ப்பாயை மடித்து சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாலை தெரியும். தாய் இறந்த பிறகு அவளை வளர்த்தவர் அவர்தான். படிப்பு நின்றதும் கம்பெனியில் சொல்லித் தள்ளுவண்டி வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவள் கல்யாணமாகிப் போனபோது அவரையும் சீதனம் மாதிரிக் கூட்டிக்கொண்டு போனாள் என்று உறவில் கேலி செய்வார்கள். அவள் கணவன் வெளியூரில் கட்டட வேலை. வந்து போகிற ஆள். ஆகவே இரண்டு அறை வீட்டில் அன்றாடம் சோற்றுக்கு உட்கார்ந்தது மாமாவும் மருமகளும்தான்.

தள்ளுவண்டி தள்ளிய காலத்தில் அவளுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. குப்பைத்தொட்டியில் விழுந்த எதுவும் கம்பெனியின் சொத்து என்பது விதி. நல்ல அட்டைப்பெட்டியும் பாட்டிலும் சாப்பாட்டுக் கழிவோடு சேர்ந்து புதைகுழிக்குப் போகும். அதில் ஒரு பாட்டிலை எடுத்துப் பையில் போட்டால் திருட்டு. அப்படி எடுத்த ஒருத்தியை வேலையை விட்டே அனுப்பினார்கள். "மண்ணுக்குள்ள போட்டா சட்டம், மடியில போட்டா திருட்டு. நல்லாருக்கு நியாயம்" என்று அவள் அன்றைக்குச் சொன்னது சூப்பர்வைசர் காதில் விழுந்து, ஒரு மாதம் மீன் சந்தைப் பக்கம் வண்டி தள்ளினாள்.

பிறகு புதைகுழி நிரம்பியது. அக்கம்பக்கத்து ஜனங்கள் நாற்றம் தாங்காமல் லாரிகளை மறித்தார்கள். நகராட்சி விழித்துக்கொண்டு புது டெண்டர் போட்டது. நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஈரக் குப்பை உரமாக்க ஒரு பக்கம், உலர் குப்பை மறுசுழற்சி ஆலைக்கு இன்னொரு பக்கம். ஆலை தனி ஒப்பந்தம். சின்னப் பகுதிகளுக்குத் தொழிலாளர் சங்கங்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கொட்டகையும் சொந்த வண்டியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கூட வேலை பார்த்த பெண்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினாள். பூட்டிக் கிடந்த மரக்கடை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வண்டிக்கு எங்கே போவது என்று எல்லோரும் முழித்தபோது மாமா வாயைத் திறந்தார். கம்பெனி கழித்துக் கட்டிய பழைய லாரியைத் வேலையை விட்டபோது கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் முழுவதையும் போட்டு வாங்கிவிட்டார். அவர் பல வருஷம் ஓட்டிய அதே லாரி. சீட்டில் அதே தார்ப்பாய்.

டெண்டர் உறைகளைப் பிரித்த அன்று நான் அந்த அறையில் இருந்தேன். அவளுடைய பகுதி அவளுக்கே கிடைத்தது. ஆனால் முதலில் சோதனைக் காலம். ஆலைக்கு எடுத்துச் செல்லும் உலர் குப்பைக்கு நல்ல சரக்கின் எடையைப் பார்த்துப் பணம். சரக்கு கலப்பாகவோ ஈரமாகவோ இருந்தால் ஆலை முழுச் சுமையையும் திருப்பி அனுப்பலாம். மூன்று சுமை திரும்பினால் பகுதி கைமாறும். அடுத்த இடத்தில் இருந்தது பெரிய கம்பெனி.

இந்த விதிகளை அவள் சங்கத்துப் பெண்களுக்குத் தொண்டை வறள விளக்கினாள். மாமாவுக்கு மட்டும் சொல்லவில்லை. லாரியிலேயே காலத்தைக் கழித்த ஆளுக்கு லாரியைப் பற்றி என்ன சொல்வது என்று நினைத்துவிட்டாள்.

ஆரம்பத்தில் சுமைகள் ஒழுங்காகப் போயின. ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சும்மா அலுத்துக்கொண்டாள்.

"வண்டி முட்ட அட்டை போகுது மாமா. எடைமேடையில பாத்தா ஒண்ணுமே நிக்கல. காத்தை ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு."

"ம்" என்றார் மாமா. தட்டைக் கழுவ எழுந்தவர், "நீ கவலைப்படாத பாப்பா" என்றும் சொன்னார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரமே ஒரு சுமை திரும்பி வந்தது. ஆலை வாசலில் சரக்கைச் சோதிப்பவரிடம் ஈரம் அளக்கும் நீண்ட ஊசி ஒன்று இருக்கும். அதை அட்டைக்கட்டுக்குள் குத்திப் பார்ப்பார். அதனால் அவருக்கு ஊசிக்காரர் என்று பெயர்.

"ஈரமாம்" என்றார் மாமா, லாரியிலிருந்து இறங்கி. "ஆளு நம்மகிட்ட எதையோ எதிர்பாக்குறான்."

எதிர்பார்க்கிற ஆளாக இருந்தாலும் ஈரம் ஈரம்தானே என்று அவள் கட்டுகளுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று இருந்தது. அவளுடைய கோபம் வீடுகள் மேல் திரும்பியது. உலர் கூடையில் யாரோ டீத்தூளையும் சாம்பார் மிச்சத்தையும் கொட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். மூன்றாவது மாடியில் பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். டீச்சர் என்றால் அந்தக் கட்டடம் முழுவதற்கும் தெரியும்.

"டீச்சர், பேப்பர் போடற கூடையில ஈரத்தை ஊத்தாதீங்க. எங்க பொழப்பு போயிடும்."

"நான் என் கண்ணீரைக்கூட ஈரக் கூடையிலதாம்மா விடறேன். வேற வீட்டைப் பாரு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. அப்ப தண்ணி என்ன, நடந்தா வந்துச்சு?"

டீச்சர் கதவைச் சாத்திவிட்டார். மெதுவாகத்தான் சாத்தினார், அது இன்னும் சுட்டது என்றாள் அவள்.

கொட்டகையிலும் நிம்மதி போனது. பிரிக்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டார்கள். கூரை ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்த்தார்கள். அடுத்த சுமையை அவளே கட்டுக்கட்டாகத் தொட்டுப் பார்த்து ஏற்றினாள். அதுவும் திரும்பியது. இந்த முறை ஈரம் ஒரு பக்கத்தில் மட்டும்.

இனி ஒரே ஒரு சுமை. அது திரும்பினால் பெண்கள் மறுபடியும் பெரிய கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கும் உத்தரவாதமில்லை. மாமாவின் லாரிக்கு வேறு வேலையும் கிடையாது.

மூன்றாவது சுமையை உலர்ந்த சருகு மாதிரி ஏற்றி முடித்தபின், "நானும் வர்றேன்" என்று அவள் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். மாமாவுக்கு மகிழ்ச்சி. வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார். தொட்டி இருக்கும் இடம் வந்ததும் வண்டி தானாகவே வேகம் குறைந்த மாதிரி ஓரம் கட்டி நின்றது.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம் பாப்பா."

அவர் இறங்கிப் போனார். அவளுக்குத் தலைக்கு மேலே சடசடவென்று சத்தம் கேட்டது. வானம் வெளுத்துக் கிடந்தது. இறங்கிப் பின்னால் வந்து பார்த்தாள். வழிகுழாயின் தண்ணீர் அட்டைக்கட்டுகளின் நடுவில் விழுந்துகொண்டிருந்தது.

மாமா இரண்டு டீயோடு சாலையைக் கடந்து வந்தார். முகத்தில் பரிசு கொடுக்கப் போகிறவரின் களை.

"இன்னைக்கு ஊசிக்காரன் பாக்காத மாதிரி நடுவுல காட்டியிருக்கேன். போன தடவை ஓரத்துல காட்டுனேன், கண்டுபிடிச்சுட்டான். எடை எப்படி நிக்குதுன்னு பாரு."

அவள் ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். வண்டி ஓட்டத் தெரியாது. கையில் பட்ட ஹாரனை அழுத்தினாள். "எடுங்க மாமா, வண்டியை எடுங்க" என்று கத்தியதில் டீக்கடையே எழுந்து நின்றது. மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து வண்டியை நகர்த்தினார். அதன்பிறகுதான் அவள் விதியைச் சொன்னாள். முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியது.

மாமா எஞ்சினை அணைத்தார்.

"கனம் ஜாஸ்தின்னு எவனும் ஒரு வண்டியையும் திருப்பினதில்லம்மா. என் சர்வீஸ்ல பாத்ததே இல்ல. காசுக்கு அடி போடறான்னுதான்…" அவர் முடிக்கவில்லை. "நீதான காத்தை ஏத்திட்டுப் போறேன்னு சொன்ன."

சோற்றுத்தட்டுக்கு முன்னால் தான் சொன்ன ஒரு வார்த்தையை இந்த மனிதர் இத்தனை நாள் சுமந்து திரிந்திருக்கிறார் என்பதுதான் அவள் மனத்தில் நின்றது.

"இப்ப போனா மூணாவது" என்றாள். "கொட்டகைக்குத் திருப்புங்க."

சுமை ஒரு நாள் தாமதமானால் அபராதம் உண்டு. ஆனால் தாமதமும் திரும்பிய சுமையும் விதிகளில் வேறு வேறு. அவள் அதைத் தெளிவாகப் படித்து வைத்திருந்தாள். கொட்டகையில் கட்டுகளைப் பிரித்தபோது பாதி அட்டை நனைந்திருந்தது. உள்ளே விரித்தால் ஒரு வாரமானாலும் காயாது. வெயில் வேண்டும், இடம் வேண்டும், நாளைக்குள் காய வேண்டும். அந்தத் தெருவில் அத்தனை வெயில் விழுகிற இடம் அடுக்குமாடி வீடுகளின் மொட்டைமாடிதான்.

சாவி டீச்சரிடம் இருந்தது.

மாமாதான் கதவைத் தட்டினார். அவள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

"தண்ணி நடந்து வரலைங்க" என்றார் மாமா. "நான்தான் வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். பழைய பழக்கம். எம்பொண்ணு உங்களைத் தப்பா பேசிடுச்சு."

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, அப்ப என் டீத்தூள் நிரபராதியா?"

"ஆமாங்க டீச்சர்" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"தீர்ப்பைக் கீழ் வீட்டுக்கும் சொல்லிடு. அவங்களையும் திட்டியிருக்க." சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு டீச்சரே முன்னால் படியேறினார்.

பெண்கள் அட்டைகளைத் தலையில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். மாமாவை யாரும் விடவில்லை. "மாமா, மொட்டைமாடியில தண்ணித் தொட்டி இருக்கு, பக்கத்துல போயிடாதீங்க" என்றாள் ஒருத்தி. "அவரைக் கட்டிப்போடுங்கடி" என்றாள் இன்னொருத்தி. மாமா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, படியில் மூச்சு வாங்க வாங்க, எல்லோரையும் விட அதிகமான நடை ஏறி இறங்கினார். கீழ் வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து இடம் விட்டார்கள்; சிலர் அவள் வாயால் மன்னிப்புக் கேட்ட பிறகுதான். மாலைக்குள் அட்டைகள் மொறமொறவென்று காய்ந்து ஓரம் சுருண்டன.

மறுநாள் காலை ஏற்றி முடிந்ததும் மேற்கே கறுத்தது. அவள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, "எந்திரிங்க மாமா" என்றாள். அவருக்கு அடியிலிருந்த தார்ப்பாயை உருவினாள். இத்தனை வருஷம் மடித்தே கிடந்ததில் மடிப்புகள் இரும்பாக இறுகியிருந்தன. நாலு பேர் சேர்ந்து மிதித்து விரித்தார்கள். மாமா தானே மேலே ஏறிக் கயிறு கட்டினார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சீட்டில் உயரமில்லாமல் மாமா கழுத்தை நீட்டி நீட்டி ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னாள். தொட்டியடியில் வண்டி நிற்காமல் போனதைப் பார்த்து டீக்கடைக்காரர் கையை ஆட்டினார்.

ஆலை வாசலில் முடிச்சுகள் அவிழவில்லை. மாமா அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தார். ஊசிக்காரர் குடைக்குள் நின்று பொறுமையிழந்தார்.

"என்னங்க, குப்பைதான கொண்டு வந்தீங்க? நகையா?"

"ரெண்டு தடவை திருப்புன ஆளு நீங்கதான" என்றாள் அவள், பல்லால் கயிற்றைக் கடித்தபடி.

கடைசியில் வண்டியைக் கூரைக்குள் கொண்டுபோய் அவிழ்த்தார்கள். ஊசிக்காரர் மேலே குத்தினார். நடுவில் குத்தினார். மாமா அவருடைய கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரத்திலும் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டு ஊசியைத் துடைத்தார்.

"இறக்குங்க" என்றார்.

சோதனைக் காலம் முடியும் வரை வேறு சுமை எதுவும் திரும்பவில்லை. ஒரு நாள் தாமதத்துக்கான அபராதத்தை அவள் கட்டினாள். விலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்று நான் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாள். பகுதி இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. வானம் இலேசாக மூட்டம் போட்டாலே அவள் கொட்டகை வாசலுக்கு வந்து "தார்ப்பாய்" என்று குரல் கொடுப்பாள். பெயர் அப்படி வந்ததுதான்.

மாமா சீட்டில் இப்போது ஒரு சோபா மெத்தை இருக்கிறது. டீச்சர் கொடுத்தது. "இதை எந்தக் கூடையில போடறதுன்னு ரொம்ப நாளா தெரியல" என்று சொல்லிக் கொடுத்தாராம். கொஞ்சம் உயரம் கூடிவிட்டதால் மாமாவின் தலை கூரையில் இடிக்கிறது. மாற்றச் சொன்னால், சாலை நல்லாத் தெரியுது என்கிறார்.